கல்லீரல் புற்றுநோயை ஸ்கேன் எவ்வளவு சரியாகக் காட்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோய்களில் பெரும்பான்மையானது, கல்லீரல் செல்களிலிருந்து உருவாகும் ஹெபடோசெல்லுலர் கார்சினோமா. இந்தப் பக்கத்தில் கல்லீரல் புற்றுநோய் என்று குறிப்பிடுவது அதையே. குடல், மார்பகம் போன்ற வேறு உறுப்புகளில் தொடங்கிக் கல்லீரலுக்குப் பரவிய புற்றுநோய்க்கு இங்குள்ள எண்களும் விதிகளும் பொருந்தா.

ஸ்கேன் அறிக்கையில் கல்லீரல் புற்றுநோய் என்று எழுதியிருந்தால் அது உறுதிதானா?

யாருக்கு எடுத்த ஸ்கேன், எந்த வகை ஸ்கேன், கட்டி எவ்வளவு பெரியது ஆகிய மூன்றும் தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல இயலாது. சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்க நோய் உள்ள ஒருவருக்கு, ரத்த ஓட்டத்தைப் படத்தில் தெளிவாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுத்த சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படத்தில், 2 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட கட்டி ஒன்று உரிய அடையாளங்களுடன் தென்பட்டால், திசு எடுத்துப் பார்க்காமலேயே சிகிச்சையைத் தொடங்கும் அளவுக்கு அது உறுதியானது. கல்லீரல் நோய் எதுவும் இல்லாத ஒருவரின் சாதாரண அல்ட்ராசவுண்ட் அறிக்கையில் அதே சொற்கள் இருந்தால், அடுத்த பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பதற்கு மேல் அவற்றுக்குப் பொருள் இல்லை.

மற்ற புற்றுநோய்களுக்கெல்லாம் திசு எடுத்துப் பார்க்கிறார்கள். இதற்கு மட்டும் படம் எப்படிப் போதுமானதாகிறது?

கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழிகளில் வருகிறது. ஏறத்தாழ முக்கால் பங்கு, குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகவும், மீதிக் கால் பங்கு கல்லீரல் தமனி வழியாகவும் வருகிறது. சிரோசிஸ் உள்ள கல்லீரலில் ஒரு முடிச்சு படிப்படியாகப் புற்றாக மாறும்போது, அதற்குள் வரும் போர்ட்டல் கிளைகள் குறைந்து, புதிதாக முளைத்த தமனிக் கிளைகளே அதற்கு ரத்தம் கொடுக்கத் தொடங்குகின்றன. ரத்த ஓட்டத்தில் ஏற்படும் இந்த மாற்றமே படத்தில் அடையாளமாகத் தெரிகிறது. கையிலுள்ள சிரையில் கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்திய சுமார் 30 முதல் 40 விநாடிகளில் மருந்து தமனி வழியாகக் கல்லீரலை அடைகிறது. அப்போது சுற்றியுள்ள திசு மங்கலாக இருக்க, கட்டி மட்டும் பளிச்சென்று தெரியும். ஒரு நிமிடத்துக்குப் பின் போர்ட்டல் சிரை வழியாக மருந்து வந்து கல்லீரல் முழுவதும் வெளிச்சமாகும்போது, கட்டி சுற்றுப்புறத்தைவிட இருண்டு காணப்படும். முதலில் ஒளிர்வதும் பின்னர் மருந்து கழுவப்பட்டதுபோல் இருள்வதும் சேர்ந்து ஒரே கட்டியில் தெரிந்தால், சிரோசிஸ் உள்ளவரிடத்தில் அதற்கு வேறு விளக்கம் கிடைப்பது அரிது.

இந்த நம்பிக்கை ஒரே நாளில் வந்ததன்று. 2001-இல் வெளியான ஐரோப்பிய நிபுணர்களின் கருத்தொருமிப்பு, 2 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டியை இரண்டு வெவ்வேறு வகைப் படங்கள் ஒன்றுபோல் காட்டினால் ஏற்கலாம் என்றது. 2005-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் இருள்வதையும் அடையாளமாகச் சேர்த்தது. 2010-ஆம் ஆண்டை ஒட்டித் திருத்தப்பட்ட விதிகள், 1 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டிக்கு முறையாக எடுத்த ஒரே படம் போதும் என்ற நிலைக்கு வந்தன.

துல்லியத்தை எந்த எண்களால் சொல்கிறார்கள்? எந்த ஸ்கேனுக்கு எவ்வளவு?

இரண்டு எண்கள் முக்கியமானவை. உண்மையில் புற்றுநோய் உள்ள நூறு பேரில் எத்தனை பேரை ஸ்கேன் பிடிக்கிறது என்பது உணர்திறன். புற்றுநோய் இல்லாத நூறு பேரில் எத்தனை பேரை இல்லை என்று சரியாகச் சொல்கிறது என்பது தனித்தன்மை. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறைவது வழக்கம் என்பதால், "95 சதவீதம் துல்லியம்" என்று ஒற்றை எண்ணாக யாரேனும் சொன்னால் அது இவற்றில் எது என்று கேட்பது நல்லது.

நாட்பட்ட கல்லீரல் நோய் உள்ள பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, மருத்துவ ஆதாரங்களை மதிப்பிடும் பன்னாட்டு அமைப்பான காக்ரேன் 2021, 2022 ஆண்டுகளில் தனித்தனி அறிக்கைகள் வெளியிட்டது. அவற்றின்படி அல்ட்ராசவுண்டின் உணர்திறன் சுமார் 72 சதவீதம், தனித்தன்மை 94 சதவீதம். சி.டி.க்கு முறையே 78, 91 சதவீதம். எம்.ஆர்.ஐ.க்கு 84, 94 சதவீதம். நுண்குமிழி மருந்து செலுத்திச் செய்யும் அல்ட்ராசவுண்டுக்கு 78, 94 சதவீதம். அறுவை சிகிச்சையால் அகற்றக்கூடிய நிலையிலுள்ள புற்றுநோயை மட்டும் கணக்கிட்டால் அல்ட்ராசவுண்டின் உணர்திறன் 53 சதவீதமாகச் சரிகிறது, சி.டி. 71 ஆகிறது, எம்.ஆர்.ஐ. மட்டும் 84 என்ற அதே அளவில் நிற்கிறது. நோயாளிக்குப் பயன்படுவது இந்த இரண்டாவது கணக்குதான் என்பது எம் கருத்து, ஏனெனில் குணப்படுத்த வாய்ப்புள்ள கட்டியைப் பிடிப்பதே பரிசோதனையின் நோக்கம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் அல்ட்ராசவுண்டில் ஒன்றும் இல்லை என்று வந்தது. நிம்மதியாக இருக்கலாமா?

பெருமளவு நிம்மதி கொள்ளலாம். அடுத்த முறை போகாமல் விட்டுவிடும் அளவுக்கு அன்று. சிரோசிஸ் உள்ளவர்களுக்கும், ஹெபடைட்டிஸ் பி தொற்று நீடிப்பவர்களில் ஆபத்து மிகுந்தவர்களுக்கும் ஆறு மாத இடைவெளியில் அல்ட்ராசவுண்ட் பரிந்துரைக்கப்படுகிறது. ஒரு முறை தவறவிட்ட சிறு கட்டியை, அது இன்னும் சிகிச்சைக்கு அடங்கும் அளவில் இருக்கும்போதே அடுத்த முறை பிடித்துவிட வேண்டும் என்பதே இந்த இடைவெளியின் தர்க்கம். ஆகவே தனித்தனி ஸ்கேனைவிட, இடைவிடாத தொடர்ச்சிக்கே மதிப்பு அதிகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்தால் இன்னும் நல்லதல்லவா என்று பலர் கேட்பதுண்டு. 2011-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு அதனால் கூடுதல் பயன் ஏற்படவில்லை என்று காட்டியது.

எல்லோருடைய கல்லீரலும் அல்ட்ராசவுண்டில் ஒரே தெளிவுடன் தெரிவதில்லை. உடல் பருமன், கொழுப்புப் படிந்த கல்லீரல், மிகவும் முண்டும் முடிச்சுமான சிரோசிஸ், விலா எலும்புகளுக்கும் நுரையீரலுக்கும் பின்னால் மறைந்திருக்கும் மேல்பகுதி ஆகியவை ஒலியலைகளைத் தடுக்கும் அல்லது சிதறடிக்கும். அதனால், கல்லீரல் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது என்பதை ஏ, பி, சி என்று தரப்படுத்தி அறிக்கையில் எழுதும் முறை உள்ளது. "சந்தேகத்துக்குரியது எதுவுமில்லை" என்ற வரிக்குப் பக்கத்தில் தெளிவு "சி" என்றிருந்தால், அது புற்றுநோய் இல்லை என்று சொல்லும் அறிக்கையன்று, சரியாகப் பார்க்க முடியவில்லை என்று சொல்லும் அறிக்கை. அப்படிப்பட்டவர்களுக்கு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. மூலம் கண்காணிப்பது பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். ஆபத்து மிகுந்த 407 சிரோசிஸ் நோயாளிகளிடம் கொரியாவில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வொன்றில், கண்டறியப்பட்ட 43 புற்றுநோயாளிகளில் எம்.ஆர்.ஐ. 86 சதவீதத்தினரையும், அல்ட்ராசவுண்ட் 28 சதவீதத்தினரை மட்டுமே பிடித்தன. ஆயினும் எல்லோருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. என்பது செலவு, நேரம், கருவிகளின் எண்ணிக்கை ஆகியவற்றால் நடைமுறைக்கு எட்டாததாகவே இருக்கிறது.

ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையும் சேர்த்துச் செய்யச் சொல்கிறார்கள். அது தேவையா?

தேவைதான், துணையாக. ஏ.எஃப்.பி. (ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன்) என்பது கல்லீரல் புற்றுநோய் உள்ள பலருக்கு ரத்தத்தில் உயரும் ஒரு புரதம். ஆரம்ப நிலைப் புற்றுநோயை அல்ட்ராசவுண்ட் மட்டும் பிடிப்பது ஏறத்தாழ 45 சதவீதம் என்றும், ஏ.எஃப்.பி.யைச் சேர்த்தால் அது சுமார் 63 சதவீதமாக உயர்கிறது என்றும் 2018-இல் வெளியான தொகுப்பாய்வு கூறுகிறது. அதே வேளையில் கல்லீரல் அழற்சி இருந்தாலும் ஏ.எஃப்.பி. உயரும், புற்றுநோய் இருந்தும் உயராமலும் இருக்கும். எனவே அதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வருவதில்லை.

சி.டி. நல்லதா, எம்.ஆர்.ஐ. நல்லதா?

சிறு கட்டிகளைப் பிடிப்பதில் எம்.ஆர்.ஐ. ஓரளவு முந்துகிறது, புற்றுநோய் அல்லாததைப் புற்றுநோய் என்று தவறாகச் சொல்லாமல் இருப்பதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எண்களில் தெரியும் இந்த முன்னிலை எல்லா நோயாளிகளிடத்திலும் கிடைத்துவிடுவதில்லை. எம்.ஆர்.ஐ. நீண்ட நேரம் எடுக்கும். பல முறை மூச்சை அடக்க வேண்டும். வயிற்றில் நீர் கோத்திருப்பவர், மூச்சு வாங்குபவர், அசையாமல் படுக்க முடியாதவர் ஆகியோருக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. படம் கலங்கிப்போனால், சில விநாடிகளில் முடிந்துவிடும் சி.டி.யே அவர்களுக்குத் துல்லியமானது. எந்தக் கருவியானாலும், மருந்து தமனி வழியாகக் கல்லீரலை அடையும் தமனிக் கட்டத்தின் நேரம் தவறினால் அடையாளம் தவறும்: மருந்து கல்லீரலை எட்டும் முன்பே படம் எடுத்துவிட்டால், ஒளிர வேண்டிய கட்டி ஒளிராது, அறிக்கையும் ஒளிரவில்லை என்றே சொல்லும். கான்ட்ராஸ்ட் இல்லாமல் எடுத்த சி.டி. இந்தக் கேள்விக்கு ஏறக்குறையப் பயனற்றது.

எம்.ஆர்.ஐ.யில் கேடோக்ஸெடிக் அமிலம் என்ற தனி வகைக் கான்ட்ராஸ்ட் உண்டு. இயல்பான கல்லீரல் செல்கள் அதை உள்ளிழுத்துக்கொள்வதால், சுமார் 20 நிமிடங்களுக்குப் பின் எடுக்கும் படத்தில் கல்லீரல் வெளிச்சமாகவும், பெரும்பாலான புற்றுக்கட்டிகள் இருளாகவும் தெரியும். மிகச் சிறிய கட்டிகளும் இதில் அகப்படுகின்றன. ஆனால் இதற்கும் குறைகள் உண்டு. மருந்து செலுத்திய உடனே சிலருக்குச் சற்று நேரம் மூச்சு நிலைகொள்ளாமல் தமனிக் கட்டப் படம் கலங்கும். முற்றிய சிரோசிஸில் கல்லீரல் செல்கள் மருந்தை நன்கு உள்ளிழுக்காததால் வேறுபாடு மங்கிவிடும். புற்றாகாத சில முடிச்சுகளும் இருண்டு தெரியும்.

கட்டியின் அளவு ஏன் அவ்வளவு முக்கியம்?

எல்லா ஸ்கேன்களின் துல்லியத்தையும் வேறெதையும்விட அதிகமாகத் தீர்மானிப்பது அளவுதான். 2 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டிகளை சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் பெரும்பாலும் தவறவிடுவதில்லை. 1 செ.மீ.க்குக் குறைந்தவற்றில் பாதிக்கு மேல் தவறிப்போகின்றன. தென்படுபவையும் இனம் காணும் அளவுக்கு அடையாளங்களைக் காட்டுவதில்லை, ஏனெனில் தமனி ரத்தத்துக்கு மாறும் நிகழ்வு அவற்றில் இன்னும் முடிந்திருக்காது. அதனால்தான் அல்ட்ராசவுண்டில் 1 செ.மீ.க்குக் குறைந்த முடிச்சு தெரிந்தால் உடனே சி.டி.க்கு அனுப்பாமல், மூன்று முதல் ஆறு மாதங்களில் மீண்டும் அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்கிறார்கள். இதை அலட்சியம் என்று குடும்பத்தார் எண்ணி மனம் வருந்துவது இயல்பே. உண்மையில் அப்போது எடுக்கும் சி.டி. எதையும் தெளிவாக்காமல் குழப்பத்தைக் கூட்டவே வாய்ப்பு அதிகம்.

அறிக்கையில் எல்.ஆர்-3, எல்.ஆர்-4 என்று எழுதியிருக்கிறது. இது புற்றுநோயின் மூன்றாம், நான்காம் நிலையா?

இல்லை, இந்தக் குழப்பம் பலரைத் தேவையின்றிக் கலங்க வைக்கிறது. அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி 2011-இல் அறிமுகப்படுத்தி, 2018 வரை பலமுறை திருத்திய லை-ராட்ஸ் என்ற முறையில் இடும் எண்கள் இவை. நோய் எவ்வளவு முற்றியது என்பதை இவை சொல்லவில்லை. படத்தில் தெரிவது கல்லீரல் புற்றுநோயாக இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதையே சொல்கின்றன. தொகுப்பாய்வுகளின்படி எல்.ஆர்-2 எனப்பட்டவற்றில் சுமார் 16 சதவீதமும், எல்.ஆர்-3-இல் சுமார் 38 சதவீதமும், எல்.ஆர்-4-இல் சுமார் 74 சதவீதமும், எல்.ஆர்-5-இல் சுமார் 94 சதவீதமும் கல்லீரல் புற்றுநோயாக இருந்தன. எல்.ஆர்-1 உறுதியாகத் தீங்கற்றது. எல்.ஆர்-எம் என்பது புற்றுநோய் என்பது பெரும்பாலும் உறுதி, ஆனால் அது இந்த வகைதான் என்று சொல்ல முடியவில்லை என்று பொருள்படும். அங்கே பொதுவாகத் திசுப் பரிசோதனை வேண்டியிருக்கும்.

எல்.ஆர்-5 என்ற எண்ணைப் பெறுவது வேண்டுமென்றே கடினமாக்கப்பட்டிருக்கிறது. 2 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட கட்டி தமனிக் கட்டத்தில் ஒளிர்வதோடு, பின்னர் இருள்வது, சுற்றி உறைபோன்ற விளிம்பு தெரிவது, ஆறு மாதத்துக்குள் அளவில் 50 சதவீதமோ அதற்கு மேலோ வளர்ந்திருப்பது ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். 1 செ.மீ.க்குக் குறைந்த எந்தக் கட்டிக்கும் இந்த எண் தரப்படுவதில்லை. திசு ஆதாரமின்றிப் பெரிய அறுவை சிகிச்சைக்கோ மாற்றுக் கல்லீரல் பொருத்துவதற்கோ ஒருவரை அனுப்புவதற்கான எண் என்பதால், சில உண்மைப் புற்றுநோய்கள் எல்.ஆர்-4-இல் தங்கினாலும் பரவாயில்லை, பொய்யான எல்.ஆர்-5 வரக் கூடாது என்பதே இதன் நோக்கம். கண்காணிப்பு ஸ்கேனின் நோக்கமோ நேர் எதிர்: சந்தேகம் வீணானாலும் பரவாயில்லை, எதையும் விட்டுவிடக் கூடாது. இவ்விரண்டையும் ஒரே அளவுகோலால் ஒப்பிடுவதிலிருந்தே துல்லியத்தைப் பற்றிய பெரும்பாலான வாக்குவாதங்கள் எழுகின்றன.

எனக்குச் சிரோசிஸ் இல்லை, ஹெபடைட்டிஸும் இல்லை. அதே படம் எனக்கும் அதே உறுதியைத் தருமா?

தராது, கணக்கிட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். உணர்திறன் 84, தனித்தன்மை 94 சதவீதம் உள்ள ஒரு ஸ்கேனை எடுத்துக்கொள்வோம். பரிசோதிக்கப்படும் 1000 பேரில் 300 பேருக்குப் புற்றுநோய் இருந்தால், அவர்களில் 252 பேரை அது பிடிக்கும். நோயில்லாத 700 பேரில் 42 பேரைத் தவறாகச் சுட்டும். அதாவது, புற்றுநோய் என்று சொல்லப்பட்டவர்களில் 86 சதவீதத்தினருக்கு உண்மையில் நோய் இருக்கும். அதே ஸ்கேனை, 1000 பேரில் 20 பேருக்கு மட்டுமே நோயுள்ள கூட்டத்தில் செய்தால், சரியாகச் சுட்டப்படுபவர்கள் 17 பேர், தவறாகச் சுட்டப்படுபவர்கள் 59 பேர். புற்றுநோய் என்று சொல்லப்பட்ட நால்வரில் ஒருவருக்குக்கூட அது உண்மையாக இராது. ஸ்கேனில் எதுவும் மாறவில்லை. ஸ்கேனுக்கு வந்தவர்கள் மாறியிருக்கிறார்கள். இதனாலேயே லை-ராட்ஸ் முறை ஆபத்து மிகுந்த பெரியவர்களுக்கு மட்டும் உரியது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், கல்லீரலின் ரத்தக்குழாய் நோய்களால் சிரோசிஸ் வந்தவர்களுக்கும் அதைப் பயன்படுத்துவதில்லை.

புற்றுநோய்போல் தோன்றி ஏமாற்றுபவை எவை?

தமனியும் போர்ட்டல் சிரையும் நேரடியாக இணைந்துவிட்ட சிறு இடங்கள் தமனிக் கட்டத்தில் கட்டிபோலவே ஒளிரும். ஆனால் பின்னர் இருள்வதில்லை. ஹெமன்ஜியோமா என்ற தீங்கற்ற ரத்தநாளக் கட்டி பெரிதாக இருக்கும்போது விளிம்பிலிருந்து உள்நோக்கி மெல்ல நிறைவதால் எளிதில் அடையாளம் தெரியும். மிகச் சிறியது சட்டென்று முழுவதும் ஒளிர்ந்து குழப்பும். பித்தநாளப் புற்றுநோய் வேறொரு வகைச் சிக்கல், ஏனெனில் அதுவும் புற்றுநோயே, ஆனால் சிகிச்சை வேறு. அது பெரும்பாலும் விளிம்பில் மட்டும் வளையமாக ஒளிரும். இங்கே நுண்குமிழி அல்ட்ராசவுண்ட் கைகொடுக்கிறது: அந்தக் குமிழிகள் ரத்தக்குழாயை விட்டு வெளியேறுவதில்லை என்பதால், பித்தநாளப் புற்று 60 விநாடிக்குள்ளேயே இருண்டுவிட, கல்லீரல் செல் புற்று தாமதமாகவும் இலேசாகவும் இருள்கிறது.

பெட் ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடாதா?

இந்தப் புற்றுநோய்க்கு வழக்கமான பெட் ஸ்கேன் நம்பத்தக்க கண்டறியும் முறையன்று. அது சர்க்கரை போன்ற ஒரு மருந்து செல்களில் தேங்குவதை வைத்துப் பார்க்கிறது. மெதுவாக வளரும் கல்லீரல் புற்றுச் செல்கள், இயல்பான கல்லீரல் செல்களைப்போலவே அதை வெளியேற்றிவிடும் நொதியைக் கொண்டிருப்பதால், ஏறத்தாழ பாதி கட்டிகள் தெரியாமலே போகும். உடலின் வேறு பகுதிகளுக்குப் பரவியிருக்கிறதா என்று தேடச் சில வேளைகளில் பயன்படுத்துகிறார்கள்.

அப்படியானால் பயாப்ஸி எனப்படும் திசுப் பரிசோதனைதான் இறுதித் தீர்ப்பா?

முழுமையாக இல்லை. ஊசி சிறு கட்டியைத் தவறவிடலாம், அல்லது கட்டியின் புற்றாகாத ஓரத்திலிருந்து திசுவை எடுத்துவரலாம். ஆகவே புற்றுநோய் இல்லை என்று வந்த பயாப்ஸி, படத்தில் தெரிந்த சந்தேகத்தை முற்றாக நீக்கிவிடாது. ரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பும், ஊசி சென்ற வழியில் புற்றுச் செல்கள் பரவும் வாய்ப்பும் உண்டு. பின்னது 2008-இல் வெளியான தொகுப்பாய்வில் 2.7 சதவீதமாகக் கணக்கிடப்பட்டது. படம் தெளிவாகச் சொல்லும்போது பயாப்ஸியைத் தவிர்ப்பதும், எல்.ஆர்-எம், சில எல்.ஆர்-4 கட்டிகள், சிரோசிஸ் இல்லாதவரின் கட்டி ஆகியவற்றில் அதைத் தயங்காமல் செய்வதும் இதனால்தான்.

ஆய்வுக்கு ஆய்வு எண்கள் ஏன் மாறுகின்றன?

உண்மை எதுவென்று எப்படித் தீர்மானித்தார்கள் என்பதே முதற் காரணம். கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையில் முழுக் கல்லீரலையும் வெளியே எடுத்து மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பார்த்த ஆய்வுகளில், எந்த ஸ்கேனிலும் தெரியாத சிறு கட்டிகளும் வெளிப்படுவதால் உணர்திறன் குறைவாகத் தெரியும். பயாப்ஸியையோ தொடர் ஸ்கேன்களையோ அளவுகோலாகக் கொண்டவற்றில், யாருமே பார்க்காத கட்டி கணக்கிலும் வராது. உணர்திறன் கூடுதலாகத் தோன்றும். ஒரு கட்டியாவது பிடிபட்டதா என்று நோயாளியை எண்ணுவதும், ஒவ்வொரு கட்டியையும் தனித்தனியே எண்ணுவதும் வேறு வேறு விடைகளைத் தரும். கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்கு வருபவர்களுக்கு இது ஏட்டுக் கணக்கன்று: யாருக்கு அதைச் செய்யலாம் என்று தீர்மானிக்க உதவும், 1996-இல் வெளியான மிலன் அளவுகோல் ஒற்றைக் கட்டி 5 செ.மீ.க்குள், அல்லது மூன்று கட்டிகள் வரை ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்கிறது. படத்தில் அதற்குள் அடங்கியவர்களில் சிலருக்கு, கல்லீரலை எடுத்துப் பார்த்தபின் கட்டிகள் கூடுதலாக இருந்தது தெரியவருகிறது.

சிகிச்சைக்குப் பிறகு எடுக்கும் ஸ்கேனும் அதே அளவு துல்லியமானதா?

படிப்பது கடினமாகிறது. வெப்பத்தால் பொசுக்கிய இடத்தைச் சுற்றி ஒளிரும் மெல்லிய வளையம் சில மாதங்கள் நீடிக்கலாம்; அது மிச்சமுள்ள கட்டியன்று. தமனி வழியாக எண்ணெய் போன்ற லிபியோடால் கலந்த மருந்து செலுத்தப்பட்டிருந்தால், அது சி.டி.யில் வெண்மையாகப் படர்ந்து மிச்சக் கட்டியின் ஒளிர்வை மறைத்துவிடும், அவர்களுக்கு எம்.ஆர்.ஐ. தெளிவாக இருக்கும்.

ஸ்கேனின் துல்லியத்துக்கு நோயாளியாக நான் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

உண்டு. அல்ட்ராசவுண்டுக்குச் சொல்லப்பட்ட நேரம்வரை வெறும் வயிற்றில் இருங்கள். மூச்சை அடக்கச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் ஒரே அளவு மூச்சை இழுத்து அடக்குங்கள்; முடியாது என்றால் படம் எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள், முறையை மாற்றிக்கொள்ள வழியுண்டு. சிறுநீரகக் கோளாறோ, கான்ட்ராஸ்ட் மருந்துக்கு முன்பு ஒவ்வாமையோ இருந்திருந்தால் தெரிவியுங்கள். சிரோசிஸ், ஹெபடைட்டிஸ், முந்தைய சிகிச்சைகள் பற்றிய விவரம் கோரிக்கைச் சீட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் ரேடியாலஜிஸ்ட் எந்த விதியைப் பொருத்துவது என்றே முடிவு செய்ய முடியாது. பழைய ஸ்கேன்களின் அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படங்கள் உள்ள குறுந்தகட்டையும் கொண்டுசெல்லுங்கள். ஆறு மாதத்துக்கு முன் இருந்த அதே அளவிலேயே இருக்கும் முடிச்சையும், வளர்ந்துவிட்ட முடிச்சையும் ஒரே ஒரு படத்தை வைத்துப் பிரித்தறிய முடியாது. இரண்டு ரேடியாலஜிஸ்ட்கள் ஒரே படத்துக்கு எல்.ஆர்-3 என்றும் எல்.ஆர்-4 என்றும் வேறுபட்டு எழுதுவது அரிதன்று. அப்படி நேர்ந்தால், கல்லீரல் மருத்துவர், அறுவை நிபுணர், ரேடியாலஜிஸ்ட் ஆகியோர் கூடிப் பார்க்கும் பல்துறைக் கூட்டத்தில் உங்கள் படங்களை வைக்கும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.